மொனாட்நாக் கட்டடம், சிகாகோ: 16 மாடிச் செங்கல் அலுவலகம் எப்படி இருக்கிறது?

சிகாகோவில் பழைய உயர்மாடிக் கட்டடம் ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் மொனாட்நாக்கைப் பாருங்கள். அழகான முகப்புக் கூடம்தான் வேண்டும் என்பவர்களுக்கு சில நிமிட நடையில் ரூக்கரி இருக்கிறது. அங்கே தங்கப் பூச்சும் கண்ணாடிக் கூரையும் உண்டு. மொனாட்நாக்கில் அதெல்லாம் கிடையாது. கனத்த செங்கல் சுவர், நீண்ட நடைபாதை, வரிசையாகக் கடைகள், மேலே சிறு சிறு அலுவலக அறைகள், அவ்வளவுதான். ஆனால் உயரமான கட்டடம் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு இரண்டு வெவ்வேறு பதில்கள் இங்கே ஒரே வரிசையில் ஒட்டி நிற்கின்றன. 1891-ல் முடிந்த வடக்குப் பாதியின் வெளிச்சுவர் தன் சுமையைத் தானே தாங்குகிறது. 1893-ல் முடிந்த தெற்குப் பாதியில் எஃகுச் சட்டகம் சுமக்கிறது. செங்கல் வெறும் போர்வை. இரண்டுக்கும் இடையே இரண்டே வருடம்.

இடம் ஜாக்சன் பூலவார்டும் டியர்போர்ன் தெருவும் சந்திக்கும் மூலை. முகவரி 53, மேற்கு ஜாக்சன். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து ப்ளூ லைன் ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் ஜாக்சன் நிலையத்தில் இறங்கலாம். அந்தச் சுரங்கப் பாதை டியர்போர்ன் தெருவுக்கு அடியிலேயே ஓடுகிறது. இந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கும் அந்தச் சுரங்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, பின்னால் வருகிறது. வார நாளில், அலுவலக நேரத்தில் போவது நல்லது. தரைத்தளத்தின் அழகு கடைகள் திறந்திருக்கும்போதுதான் தெரியும்.

இதைக் கட்டச் சொன்னவர்கள் பாஸ்டன் நகரத்து முதலீட்டாளர்களான பீட்டர் ப்ரூக்ஸ், ஷெப்பர்ட் ப்ரூக்ஸ் என்ற சகோதரர்கள். சிகாகோவில் அவர்களுக்காகக் காரியம் பார்த்தவர் ஓவன் ஆல்டிஸ். வரைந்தது டேனியல் பர்ன்ஹாம், ஜான் வெல்போர்ன் ரூட் இருவரின் நிறுவனம். இதே கூட்டணி 1882-ல் மான்டாக் என்ற 10 மாடிக் கட்டடத்தையும், 1888-ல் ரூக்கரியையும் முடித்திருந்தது. ஆகவே இது பரிசோதனைக்காகக் கட்டியது அல்ல. சதுர அடிக்கு வாடகை என்ன வரும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வியாபாரச் சொத்து. அலங்காரம் இல்லாததற்குக் காரணமும் அதுவே. சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் அழுக்கைச் சேர்க்கும், புறாவும் குருவியும் வந்து அடையும், பலத்துக்கும் உதவாது என்று பீட்டர் ப்ரூக்ஸ் ஆல்டிஸுக்குக் கடிதம் எழுதினார். நிலக்கரிப் புகை சூழ்ந்த அன்றைய சிகாகோவில் அது சரியான கவலை. ரூட் 1880-களின் நடுவில் வரைந்த முதல் வரைபடங்களில் எகிப்திய அலங்காரங்கள் இருந்தன. கடைசியில் அவற்றில் மிஞ்சியது வடிவம் மட்டும்தான்: அடியில் விரிந்து, உடனே உள்வாங்கி, நேராக எழும்பி, உச்சியில் மறுபடி வெளியே வளையும் அந்தக் கோடு. நம் கருத்தில், சிக்கனம் பிடித்த உரிமையாளரால் கட்டடம் ஒன்று இத்தனை அழகானது அபூர்வம்.

அந்தக் கோட்டைச் சரியாகப் பார்க்க ஜாக்சன் தெருவைக் கடந்து எதிர்ப்புறம் போய் நில்லுங்கள். முதல் பார்வையில் கட்டடம் தட்டையான செங்கல் பெட்டி போலத்தான் தெரியும். இப்போது மூலையை மட்டும் கீழிருந்து மேலாகக் கண்ணால் பின்தொடருங்கள். கீழே கூர்மையாக இருக்கும் முனை மேலே போகப் போகச் செதுக்கி எடுத்ததுபோல் அகன்றுகொண்டே போகும். செங்கல்லை வெட்டித் தேய்த்து இந்த வளைவு வரவில்லை. அதற்கென்றே தனி அச்சுகளில் வார்த்துச் சுட்ட செங்கற்கள் அவை. வரிசைக்கு வரிசை கோணம் கொஞ்சம் மாறினாலும் அச்சும் மாற வேண்டும். கொத்தனார் ஒரு கல்லை இடம் மாற்றி வைத்தால் மேலே பத்து வரிசைக்குக் கோடு கெட்டுப்போகும். பூச்சு வேலை இல்லாத சுவரில் பிழையை மறைக்க வழியே இல்லை. 130 வருடம் கழித்தும் அந்தக் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கிறது.

அடுத்து சுவரின் கனம். 16 மாடி, 215 அடி உயரம். அடியில் சுவர் 6 அடி கனம், உச்சியில் 18 அங்குலம். ஏன் இப்படி என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு போடலாம். சராசரிக் கனம் மூன்றே முக்கால் அடி என்று வையுங்கள். ஒரு கன அடிச் செங்கல் கட்டு சுமார் 55 கிலோ. ஓர் அடி நீளச் சுவரை அடியிலிருந்து உச்சிவரை எடுத்தால் 800 கன அடிக்கு மேல் வரும். எடை ஏறத்தாழ 44 டன். ஜன்னல்களுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாலும் 30 டன். இதற்குமேல் மாடிகளின் சுமை வேறு. செங்கல் இந்த எடையைத் தாராளமாகத் தாங்கும். தாங்காதது சிகாகோவின் மண். நகரத்துக்கு அடியில் இருப்பது ஈரமான மென்களிமண். பாறை எட்ட நூறடிக்கு மேல் போக வேண்டும். அக்கால வழக்கப்படி அந்தக் களிமண்ணில் ஒரு சதுர அடிக்கு ஒன்றரை டன் அளவில்தான் சுமை ஏற்றுவார்கள். 30 டன்னை ஒன்றரையால் வகுத்தால் 20 அடி. அதாவது 6 அடிச் சுவரின் கீழே 20 அடிக்கும் அதிக அகலமான பாதம் தேவை.

அதனால்தான் அஸ்திவாரம் கட்டடத்தின் எல்லையைத் தாண்டித் தெருவுக்கு அடியில் 11 அடி நீண்டிருக்கிறது. எஃகு உத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட்டில் புதைத்த தட்டு அது. இதே முறையை ரூட் மான்டாக் கட்டடத்தில் ரயில் தண்டவாளங்களைக் கொண்டு செய்து பார்த்திருந்தார். அதற்கு முன்பு கல்லைப் படிப்படியாக அடுக்கிப் பாதம் போடுவார்கள். இவ்வளவு அகலம் வேண்டுமென்றால் அந்தக் கல் குவியலே அடித்தளம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். எஃகு அடுக்கு இரண்டு மூன்று அடிக்குள் அடங்கிவிடும். கொதிகலனுக்கும் இயந்திரங்களுக்கும் அடித்தளத்தில் இடம் கிடைத்தது இதனால்தான்.

இது பாறையைத் தொடாத, களிமண்ணில் மிதக்கும் அஸ்திவாரம். சுமை ஏறியதும் களிமண்ணிலுள்ள நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும், மண் அழுந்தும், கட்டடம் இறங்கும். இது ஒரு நாளில் நடப்பதல்ல, பல பத்தாண்டு வேலை. வடிவமைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 8 அங்குலம் இறங்கும் என்று எதிர்பார்த்தே கட்டினார்கள். 1905-க்குள் அந்த எட்டும் போய் இன்னும் சில அங்குலமும் இறங்கிவிட்டது. தரைத்தளத்தைத் திருத்திக் கட்ட வேண்டிவந்தது. 1940-களின் முடிவில் மொத்த இறக்கம் 20 அங்குலம். 20 அங்குலம் என்றால் முழங்கால் உயரம். ஆனாலும் கட்டடம் பிளக்கவில்லை, சாய்ந்து கெடவில்லை. ஆபத்து இறக்கத்தில் இல்லை, ஏற்றத்தாழ்வான இறக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு மூலை 4 அங்குலமும் மறு மூலை 10 அங்குலமும் இறங்கினால் இப்படிப்பட்ட சுவர் உடனே வெடிக்கும். இங்கே முழுக் கட்டடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கியது. தெருவிலிருந்து உள்ளே போகும்போது ஒரு படி கீழே இறங்குகிறோமே, அது இந்த இறக்கம் விட்டுப்போன அடையாளம். நடக்கும்போது கவனம், பேசிக்கொண்டே போகிறவர்கள் தடுக்கி விழ வாய்ப்புண்டு.

ப்ளூ லைன் கணக்கு இதுதான். 1940-ல் டியர்போர்ன் தெருவுக்கு அடியில் சுரங்கம் தோண்டியபோது, மிதக்கும் அஸ்திவாரத்தின் பக்கத்து மண்ணைக் கலைப்பது ஆபத்து என்பதால் கிழக்குச் சுவருக்கு அடியில் கிணறுபோலத் தோண்டி, கெட்டியான அடிமண் வரை தூண்கள் இறக்கினார்கள். ஆக ஒரு பக்கம் ஆழத் தூண்களில் ஊன்றி நிற்கிறது, மற்ற பக்கங்கள் பழைய தட்டில் நிற்கின்றன. சிவில் படிக்கும் மாணவர்களுக்குப் பாடமாக வைக்க வேண்டிய இடம்.

ஒரு தவறான கருத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘இரும்பே இல்லாமல் கட்டிய கடைசி உயர்மாடி’ என்று மொனாட்நாக்கைப் பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். சரியல்ல. வெளிச்சுவர்தான் சுமைதாங்கி, உள்ளே மாடிகளைத் தாங்குவது இரும்புத் தூண்களும் உத்திரங்களும். காற்றுக்காகவும் இரும்பு வேலை உண்டு. தெற்கு வடக்காக நீண்டு, எழுபது அடிக்கும் குறைந்த அகலத்தில் ஒல்லியாக நிற்கும் கட்டடம் இது. மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்று அகலமான கிழக்கு முகத்தில் மோதினால் தாங்க வேண்டிய பக்கம் இந்த ஒடுங்கிய பக்கம்தான். அதற்காகத் தூணுக்குத் தூண் தேனிரும்புப் பட்டைகளை ரிவெட் அடித்து, வாசல் நிலைபோல விறைப்பாக இணைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த முறையின் மிக ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று. வெளியே பழமை, உள்ளே புதுமை. இந்தக் கலப்புதான் கட்டடத்தின் உண்மையான சுவாரஸ்யம், ‘கடைசி’ என்ற பட்டம் அல்ல.

அலுவலகமாக இது தேறுகிறதா? வெளிச்சத்தில் தேறுகிறது. 1890-ல் மின்விளக்கு மங்கல், செலவும் அதிகம். பகல் முழுக்க வேலை நடக்க வேண்டுமானால் ஜன்னல்தான் கதி. ஒடுங்கிய மனையாகையால் நடுவே நடைபாதை, இருபக்கமும் அறைகள். எந்த அறைக்கும் வெளிச்சுவர் உண்டு, ஜன்னல் உண்டு. அந்த ஜன்னல்களும் சும்மா ஓட்டைகள் அல்ல. சுவரிலிருந்து வெளியே பிதுங்கி, கீழிருந்து மேல்வரை ஒரே தூணாக ஓடும் மூன்று பக்க ஜன்னல்கள். நேரே எதிரிலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் வெளிச்சம் வரும். மனை எல்லைக்கு வெளியே தெருவுக்கு மேலே சில சதுர அடி வாடகை இடமும் கிடைக்கும். இரண்டு நன்மை, ஒரே உத்தி. கீழ்மாடிகளில் மட்டும் சிக்கல்: சுவர் அவ்வளவு கனமாக இருப்பதால் ஜன்னல் ஒரு சுரங்க வாய்க்குள் இருப்பதுபோல ஆழத்தில் போய்விடுகிறது, பக்கவாட்டு வெளிச்சம் வெட்டுப்படுகிறது. எழுபது அடி அகலத்தில் இரு சுவருமாகச் சேர்த்து 12 அடியை விழுங்கினால், அதிக வாடகை வரும் தரைத்தளத்தில்தான் அதிக இடம் வீணாகிறது. சுமைதாங்கிச் சுவர் உயரமாக வளர முடியாமல் போனதற்குக் காரணம் பலமின்மை அல்ல, இந்த வாடகைக் கணக்குதான்.

நடைபாதைக்கு வெளிச்சம் வேறு வழியில் வருகிறது. அலுவலகக் கதவுகளும் தடுப்புகளும் பெரும்பாலும் கண்ணாடி; அறைக்குள் வந்த பகல் வெளிச்சம் அப்படியே நடைபாதைக்கும் கசியும். உள்ளே இருப்பவர் முகம் தெரியாமலும் இருக்க வேண்டுமே? அதற்கு இறகுபோலக் கோலம் விழுந்த கண்ணாடி. கண்ணாடியின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, விலங்குத் தோலிலிருந்து எடுத்த சூடான பசையைப் பூசிக் காயவிடுவார்கள். காய்ந்து சுருங்கும் பசை கண்ணாடியின் மேல்தோலை மெல்லிய செதில்களாகப் பிய்த்துக்கொண்டு வரும். அந்தத் தழும்புகள்தான் பெரணி இலைபோன்ற கோலம். ஒவ்வொரு தகட்டிலும் கோலம் வேறு வேறு. அச்சில் வார்த்த இன்றைய மலிவுக் கண்ணாடியில் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் புரியும்.

வடக்குப் பாதியின் படிக்கட்டைத் தவறவிடாதீர்கள். அதன் அலங்கார வேலை அலுமினியம். 1886-ல்தான் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்தே வருடத்தில் அது இந்தக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. கட்டட வேலையில் அலுமினியத்தின் முதல் பயன்பாடுகளில் இதுவும் ஒன்று. வெளியே ஒரு பூவேலைக்கும் இடம் கொடுக்காத உரிமையாளர்கள் உள்ளே இதற்குச் சம்மதித்தது வாடகைக்கு வருகிறவர்கள் கண்ணில் படும் இடம் என்பதால்தான் இருக்க வேண்டும்.

ரூட் கட்டடம் முடிவதைப் பார்க்கவில்லை. 1891 ஜனவரியில் நிமோனியாவில் இறந்தார், வயது 41. தெற்குப் பாதி ஹோலபேர்ட், ரோஷ் நிறுவனத்துக்குப் போனது. 1889-லேயே டகோமா கட்டடத்தைச் சட்டக முறையில் கட்டியவர்கள் அவர்கள். டியர்போர்ன் தெருவில் தெற்கு நோக்கி நடந்தால் இணைப்பு தெரியும்: செங்கல் நிறமும் பிதுங்கும் ஜன்னல்களும் தொடரும், ஆனால் சுவர் சட்டென்று லேசாகிவிடும். கீழே அந்த விரிந்த அடிவளைவு இருக்காது. தரைத்தளக் கடைகளின் ஜன்னல்கள் அகலமாகிவிடும். உச்சியை நெருங்க நெருங்கப் பழைய பாணி அலங்காரம் திரும்பி வரும். 17 மாடி, வடக்கைவிட ஒன்று கூட. முழுக் கட்டடமும் நான்கு தனிப் பகுதிகளாகத் திட்டமிடப்பட்டது. வடக்கிலிருந்து மொனாட்நாக், கியர்சார்ஜ், கட்டாடின், வாச்சுசெட் என்று நியூ இங்கிலாந்து மலைகளின் பெயர்கள். தேவைப்பட்டால் பிரித்து விற்கலாம் என்ற முன்யோசனை அது. எல்லாம் சேர்ந்து முடிந்தபோது 1,200 அறைகள், 6,000 பேருக்கு மேல் வேலை செய்யும் இடம். உலகத்தின் மிகப் பெரிய அலுவலகக் கட்டடம் அன்றைக்கு இதுவே.

எந்தப் பாதி மேல்? கண்ணுக்கு வடக்கு, சந்தேகமே இல்லை. வாடகைக்கு எடுப்பதென்றால் தெற்கு, குறிப்பாகக் கீழ்மாடிகளில். ஆனால் ஒரு எச்சரிக்கை: தெற்கு முனையில் வான் பியூரன் தெருவுக்கு மேலே நகரின் உயர்மட்ட ரயில் ஓடுகிறது. அந்த முனையிலுள்ள கீழ்மாடி அறைகளில் சத்தம் உண்டு. அறை பார்க்கப் போகிறவர்கள் காலை எட்டு மணி வாக்கில், வண்டிகள் அடுத்தடுத்து வரும் நேரத்தில் போய், ஜன்னலைத் திறந்தும் மூடியும் கேட்டுப் பார்க்க வேண்டும். வடக்குப் பாதியின் கனத்த சுவருக்குள் அமைதி அதிகம். இருவர் மூவர் சேர்ந்து நடத்தும் வழக்கறிஞர் அலுவலகம், கட்டட வடிவமைப்பாளர், கணக்காளர் போன்றவர்களுக்கு இந்த அறைகள் அளவெடுத்துத் தைத்த சட்டை. ஐம்பது பேரை ஒரே கூடத்தில் உட்காரவைக்க நினைக்கும் நிறுவனம் இங்கே வரவே வேண்டாம். தூண், நடைபாதை, லிஃப்ட் எல்லாம் நடுவில் வந்து கூடத்தை வெட்டும்.

1938-ல் ‘நவீனப்படுத்துகிறோம்’ என்று ஒரு பெரிய வேலை நடந்தது. பழைய உள்வேலைகளில் பலவும் மறைந்துபோயின. 1979-ல் கைமாறிய பிறகு வந்த உரிமையாளர்கள் ஒரே மூச்சில் இடித்துப் புதுப்பிக்காமல், வாடகை வந்துகொண்டிருக்கும்போதே மாடி மாடியாக, பதின்மூன்று வருடம் எடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். மொசைக் தரை, வெள்ளை இத்தாலியப் பளிங்கு, ஓக் மரச் சட்டங்கள், அந்த இறகுக் கோலக் கண்ணாடி. பழைய கட்டடம் வைத்திருக்கும் யாருக்கும் இந்த வேகம் நல்ல முன்னுதாரணம். ஒரு மாடியில் செய்த பிழையை அடுத்த மாடியில் திருத்திக்கொள்ளலாம், கையில் பணம் வர வர வேலை நகரும், கைவினைஞர்களுக்கும் கை பழகும்.

அதன் பலன் தரைத்தள நடைபாதையில் நன்றாகத் தெரிகிறது. ஜாக்சன் வாசலில் நுழைந்து வான் பியூரன் வாசலில் வெளியேறும் வரை ஒரே நேர்கோடு. இருபுறமும் தொப்பிக் கடை, முடிதிருத்தகம், காபிக் கடை என்று சிறு கடைகள். தெருப் பக்கமும் நடைபாதைப் பக்கமும் கடைகள் முகம் காட்டுகின்றன. பளபளக்கும் பிளாஸ்டிக் பலகைகள் இல்லை. கண்ணாடியில் கையால் எழுதிய பொன்னிற எழுத்துகள். விளக்குகளும் மிதமான வெளிச்சம்தான். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் இருட்டாகத் தோன்றும். ஒரு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். மேல்மாடிகள் வாடகைதாரர்களுடையவை, கேட்காமல் ஏறக்கூடாது. மாடி நடைபாதைகளையும் பார்க்க வேண்டுமென்றால் நகரக் கட்டடக்கலை நடைப் பயணங்களில் சேர்ந்துகொள்வது எளிது.

சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் வந்தால் கிழக்கு வெயில் டியர்போர்ன் முகத்தில் சாய்வாக விழும். பிதுங்கும் ஜன்னல்களின் நிழல் நீளமாக இறங்கி, சுவர் அலைபோலத் தெரியும். மதியத்துக்குப் பிறகு அந்த முகம் நிழலில் தட்டையாகிவிடும், படம் எடுத்தாலும் ஒன்றும் விழாது. வான் பியூரன் மூலையில் நின்று எதிர்ப்பக்கம் திரும்பினால் 1894-ன் ஓல்டு காலனியும் 1896-ன் ஃபிஷரும் நிற்கின்றன; இரண்டும் சட்டகக் கட்டடங்கள். ஃபிஷரின் முகத்தில் கண்ணாடி எவ்வளவு, சுவர் எவ்வளவு என்று கண்ணளவில் ஒரு கணக்கு போட்டுக்கொண்டு, திரும்பவும் ஜாக்சன் மூலைக்கு நடந்து வந்து, வடக்கு வாசல் பக்கத்துச் சுவரின் அடிவளைவில் கை வைத்துப் பாருங்கள்.